பட்டாணி சொன்ன இல்லை

எங்கள் வீட்டில் பேசாத பிள்ளை ஒன்று இருந்தது. அதற்கும் சேர்த்துப் பேசுகிற அம்மா ஒருத்தி இருந்தாள். பிள்ளையை நான் குறை சொல்லவில்லை. அம்மாவைத்தான் நம்பவில்லை.

நம்பாமல் இருப்பதுதான் என் வேலையே. ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் மேசையில் பதினெட்டு வருஷமாக நிற்கிறேன். ஒரு சட்டையை விரித்தால் இது நல்ல சட்டை என்று என் கை நினைக்காது. எங்கேயோ தையல் விட்டிருக்கிறது, மடிப்புக்குள் மறைத்திருக்கிறார்கள் என்றுதான் தேடும். தைக்கிற பெண்கள் எனக்கு வைத்திருக்கிற பேர் பூதக்கண்ணாடி. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், பாவம். ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கும் ஒரே பதில்தான்: வந்த மாப்பிள்ளைகளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டேன்.

தம்பி லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். கூப்பிட்ட கட்டடத்துக்கு ஓட வேண்டும், வீட்டில் பாதி நாள் இருக்க மாட்டான். அவன் மகளுக்கு ஏழு வயது. கண் இரண்டும் உருண்டையாக இருந்ததால் பட்டாணி என்று நான்தான் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே நிலைத்துவிட்டது. பிறந்தபோது பட்டாணி அழவில்லை. மூச்சு வர நேரமானது. ஒரு வயதில் கழுத்து நிற்கவில்லை, இரண்டு வயதில் உட்காரவில்லை. கை ஒரு பக்கம் போகச் சொன்னால் இன்னொரு பக்கம் வீசும். வாய் திறந்தால் சத்தம் வரும், சொல் வராது. மூளை முடக்குவாதம் என்று எழுதிக் கொடுத்தார்கள். பேரிலேயே மூளை இருக்கிறது, முடக்கமும் இருக்கிறது. இதற்கு மேல் யார் எனக்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

ஆனால் தம்பி பெண்டாட்டி சொல்லுவாள்.

"அண்ணி, மூளையில கை காலை அசைக்கச் சொல்ற இடம் மட்டும்தான் அடிபட்டிருக்கு. புரிஞ்சுக்கிற இடம் நல்லாத்தான் இருக்கு. பயிற்சி குடுக்கிறவங்க எத்தனை தடவை சொல்லிட்டாங்க. கையை ஆட்டணும்னு அவ ஆட்டல. நிறுத்தணும்னு நினைச்சா இன்னும் அதிகமா ஆடும்."

"ஓகோ. அப்ப பரீட்சை எழுதிடுவா."

"எழுத மாட்டா. சொல்லுவா."

எப்படிச் சொல்லுவாளாம்? கண்ணால். கண் மேலே போனால் ஆமாம். பக்கத்தில் போனால் இல்லை. கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டுமாம், ஏனென்றால் கண்ணை அந்த இடத்துக்குக் கொண்டுபோகவே பிள்ளைக்கு அரை நிமிஷம் பிடிக்குமாம். அரை நிமிஷத்தில் ஒரு பிள்ளையின் கண் எங்கேதான் போகாது? மின்விசிறியைப் பார்த்தால் ஆமாம், ஜன்னலைப் பார்த்தால் இல்லை. நல்ல கதை.

அதோடு, பிள்ளை சொன்ன பதில் எல்லாம் அம்மாவுக்குச் சாதகமாகவே இருந்தது. அத்தை டிவி சத்தம் அதிகமாம். அத்தை ஊட்டினால் வேண்டாமாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர் மட்டும் பூங்காவுக்குப் போகணுமாம். இந்த 'ஆம்' இருக்கிறதே, யாரோ சொன்னதாகச் சொல்லுகிற 'ஆம்', அதை வைத்துக்கொண்டு என்னை வீட்டின் ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டே போனாள். கேட்டால், "நான் சொல்லல அண்ணி, அவதான் சொன்னா" என்று கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொல்லுவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளிக்கூட விவகாரம் வந்தது.

எங்கள் தெருமுனையில் இருக்கிற பள்ளியில் பட்டாணியைச் சேர்க்க வேண்டும் என்று ஆறு மாதமாகத் தம்பி பெண்டாட்டி நடையாய் நடந்தாள். அங்கே ஒரு பெரிய டீச்சர், தலைமை ஆசிரியை. கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். பிள்ளைக்குப் புரிகிறது என்று பெற்றவர்கள் சொன்னால் போதாது. பெற்றவர்கள் அல்லாத ஒருவர், பிள்ளையோடு பழகுகிறவர், டீச்சர் முன்னால் பதில் வாங்கிக் காட்ட வேண்டும். 'இந்தக் குழந்தையின் பதில் எனக்குப் புரிகிறது' என்று படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இல்லையென்றால், இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிற, இப்படிப்பட்ட பிள்ளைகள் தங்கும் இல்லம்தான். பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டு மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கலாம்.

எனக்கு அந்த டீச்சரை உடனே பிடித்துவிட்டது.

"நீங்கதான் வரணும் அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி. "நீங்க சரின்னு சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க."

"எனக்கே சந்தேகமா இருக்கே."

"அவளைக் கேட்டுப் பாருங்க. நான் இல்லாதப்ப கேளுங்க."

சவால் விடுகிறாளா? விடட்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம். அதற்கு முந்தின வியாழக்கிழமை எனக்கு வார லீவு. அவளைச் சாமான் வாங்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, பட்டாணியின் சக்கர நாற்காலிக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தேன். கம்பெனி ரிஜக்ட் சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து பத்து வரை எண் போட்டேன். கேள்வியையும் எழுதினேன், பதிலையும் எழுதினேன். வேலை என்றால் எனக்குச் சுத்தமாக இருக்க வேண்டும்.

நீல டம்ளரைக் காட்டி, "இது சிவப்பு இல்லையே?" என்றேன். கை வீசியது, தலை பின்னால் போனது, வாய் கோணியது. கண் ஒருவழியாக மேலே போனது. ஆமாமாம்! நீலம் இவளுக்குச் சிவப்பாம். தப்பு.

"அப்பா இன்னும் வேலையிலேர்ந்து வரலல்ல?" வரவில்லை. இல்லை என்று சொல்ல வேண்டும். கண் மேலே போனது. தப்பு.

"நான் யாருன்னு உனக்குத் தெரியாதுல்ல?" கண் பக்கத்தில் போனது. தெரியாதாம். ஏழு வருஷமாகக் கூடவே இருக்கிற அத்தையைத் தெரியாதாம்.

நடுநடுவே சாதாரணமாகவும் கேட்டேன். "இது சீப்பா?" "வெளியில மழை பெய்யுதா?" அதெல்லாம் சரியாக வந்தது. பத்தில் நாலு சரி, ஆறு தப்பு. காசைச் சுண்டிப் போட்டிருந்தால்கூட ஐந்து வந்திருக்கும்.

குட்டு வெளிப்பட்டது. சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் அசிங்கம்தான், ஆனால் இருந்தது. தம்பி பெண்டாட்டி பையோடு உள்ளே வந்தபோது பட்டாணி உடம்பை முறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"ஏன் அழறா அண்ணி?"

"பசி போல."

சாயங்காலம் தம்பி வந்ததும் சீட்டைக் காட்டாமல் மதிப்பெண்ணை மட்டும் சொன்னேன். "பத்துக்கு நாலு. உன் பெண்டாட்டி உன் காதுல பூ சுத்துறா. பள்ளிக்கூடத்துல போய் நான் பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவன் கால்சட்டையில் இருந்த கிரீஸ் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். அவள்தான் கேட்டாள். "என்ன கேட்டீங்க அண்ணி? எப்படிக் கேட்டீங்க?"

"அதைச் சொன்னா நீ சொல்லிக் குடுத்துருவ."

"நான் எதுக்கு..." என்று ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மறுநாள் காலையில் தம்பி தங்கும் இல்லத்துக்குப் போன் செய்து இடம் இருக்கிறதா என்று விசாரிப்பது என் காதில் விழுந்தது.

சனிக்கிழமை கம்பெனியில் ஒரு ரகளை. புதிதாகச் சேர்ந்த ஒரு தையல்காரம்மா, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாய்க்காரி. அவர் தைத்த கட்டு ஒன்று பேக்கிங்கிலிருந்து திரும்பி வந்தது. பன்னிரண்டு சட்டையில் மூன்றுக்குக் கக்கத்தில் தையல் விட்டிருந்தது. நான் பாஸ் போட்ட கட்டு! எனக்கு மானம் போனது.

"உங்களைக் கேட்டேனா இல்லையா? 'கக்கத்துல தையல் விடலையே?'ன்னு கேட்டேன். இல்லன்னு தலையை ஆட்டினீங்க!"

"ஆமா, இல்லன்னேன். 'இல்ல, விட்டிருக்கு, பிரிச்சுத் தரேன்'னு சொல்ல வந்தேன். 'இல்ல'ங்கிறதுக்குள்ள நீங்க அடுத்த கட்டுக்குப் போயிட்டீங்க. மீதியைக் காதுல வாங்கினாத்தானே?"

"விடலையேன்னு கேட்டா, இல்லன்னா விடலன்னுதான் அர்த்தம்!"

"உங்களுக்கு. எனக்கு, நீங்க சொன்னது இல்லன்னு அர்த்தம். நேரா 'விட்டிருக்கா'ன்னு கேட்டா ஒரே சொல்லுல முடிஞ்சிருக்கும். நீங்கதான் எதையும் இல்லையே இல்லையேன்னே கேக்கறீங்க."

சுற்றியிருந்த பெண்கள் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள். நான் திட்ட வாயைத் திறந்தேன். அப்போதுதான் பட்டாணியின் சீட்டு ஞாபகம் வந்தது.

இல்லை என்று சொன்னால் நாம் எல்லோரும் அதோடு இன்னொரு சொல்லைச் சேர்ப்போம். இல்ல, தெரியும். இல்ல, தெரியாது. அந்த இரண்டாவது சொல்லில்தான் எந்த இல்லை என்று தெரிகிறது. பட்டாணிக்கு அந்த இரண்டாவது சொல் கிடையாது. அவளிடம் மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அவ்வளவுதான் இருக்கிறது.

பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பையில் மடித்து வைத்திருந்த சீட்டைப் பிரித்தேன். இது சிவப்பு இல்லையே? ஆமாம், சிவப்பு இல்லை. அப்பா வரலல்ல? ஆமாம், வரவில்லை. நான் யாருன்னு தெரியாதுல்ல? இல்லை. அதாவது, நீ சொல்வது இல்லை, தெரியும். நான் தப்பு போட்ட ஆறும் கோணல் கேள்விகள். நேராகக் கேட்ட நாலும் சரி. எப்படித் திருப்பிப் பார்த்தாலும் பத்துக்குப் பத்து.

ஒரு மனுஷிக்கு அப்போது சந்தோஷம் வர வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. புரிகிறது என்றால் எப்போதிலிருந்து? ஏழு வருஷமாக அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் சுவரோடு பேசுகிற மாதிரி என்னவெல்லாம் பேசியிருக்கிறேன்!

ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே யோசனை. தப்பாகக் கேட்டேன் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. ஆனால் புத்தி சும்மா இருக்குமா? ஒருவேளை டம்ளரும் சீப்பும் அவள் அம்மா பழக்கி வைத்ததாக இருந்தால்? திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். "நான் வரேன்" என்று மட்டும் சொன்னேன். தம்பி பெண்டாட்டி ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு என்மேல் சந்தேகம். பார்வையிலேயே தெரிந்தது.

பெரிய டீச்சரின் அறையில் ஒரு மேசை, அதன்மேல் பேனா ஸ்டாண்டு, வராண்டாப் பக்கம் ஒரு ஜன்னல். மணி அடித்ததும் ஜன்னலில் ஏழெட்டுக் குட்டித் தலைகள் முளைத்தன. பட்டாணியின் கண் அங்கேயே ஒட்டிக்கொண்டது. டீச்சர் கண்ணாடிக்கு மேலே பார்த்தார். நான் சட்டையைப் பார்க்கிற அதே பார்வை.

"நீங்க அத்தையா? கேளுங்க."

நான் நேராகக் கேட்டேன். இது பேனாவா? ஆமாம். நான் உன் அம்மாவா? இல்லை. இன்னிக்கு அப்பா கூட வந்திருக்காரா? இல்லை. ஒவ்வொன்றுக்கும் கை வீசி, கழுத்து திரும்பி, கண் கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போனது.

"அம்மா நாற்காலிக்குப் பின்னாடி நிக்கிறாங்க" என்றார் டீச்சர். "ஒரு தட்டு தட்டினா போதுமே. நீங்க அந்த மூலைக்குப் போய்ச் சுவரைப் பாத்து நில்லுங்கம்மா."

அவள் போய் நின்றாள். டீச்சர் பட்டாணி பக்கம் குனிந்தார். "பாப்பா, உனக்கு வகுப்புல அவ்வளவு நேரம் உக்கார முடியாதுல்ல?"

கண் பக்கத்தில் போனது.

"பாத்தீங்களா? முடியாதுன்னு அவளே சொல்றா."

"ஐயோ டீச்சர், அவ அப்படிச் சொல்லல! நீங்க கேட்டது தப்புன்னு சொல்றா. நேரா கேளுங்க, 'முடியுமா'ன்னு கேளுங்க!" நான் கத்திவிட்டேன்.

டீச்சர் நிமிர்ந்தார். "பிள்ளை ஒண்ணு சொல்லுது, நீங்க வேற ஒண்ணு சொல்றீங்க. வீட்டுல எல்லாரும் சேர்ந்து ஒத்திகை பாத்துட்டு வந்தீங்களா?"

என்னைப் பார்த்து! பதினெட்டு வருஷத்தில் என் பாஸ் முத்திரை பொய் என்று யாரும் சொன்னதில்லை. கோபம் தலைக்கேறியது. ஆனால் என்ன செய்வது, நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"சரி" என்றார் டீச்சர். "அம்மாவுக்குத் தெரியாத விஷயம் ஏதாவது இருக்கா? உங்களுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிஞ்சது. அதைக் கேளுங்க. சரியா வந்தா நான் நம்பறேன். இல்லன்னா இதை இத்தோட விட்டுருவோம்."

அந்த வீட்டில் பட்டாணிக்குத் தெரிந்து அம்மாவுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? குளிப்பாட்டுவது அவள், ஊட்டுவது அவள், பக்கத்தில் படுப்பது அவள். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. இதுவரை இந்தக் கதையில் அதை நான் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

ஒன்றும் இல்லை டீச்சர் என்று அப்போதும் சொல்லியிருக்கலாம். இல்லம் இருக்கிறது, இடமும் கேட்டாகிவிட்டது. ஜன்னலில் இருந்த தலைகளில் ஒன்று பட்டாணியைப் பார்த்து நாக்கை நீட்டியது. பட்டாணி சிரித்தாள். உடம்பு முழுக்க ஆட ஆடச் சிரித்தாள்.

நான் அவளுக்கு எதிரே போய் முட்டி போட்டேன்.

"பட்டாணி, வியாழக்கிழமை. நீயும் நானும் தனியா இருந்தோம். கடைசிக் கேள்வி முடிஞ்சதும் உன் வாயைத் துடைச்சுவிட்டு உன்கிட்ட ஒண்ணு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

கண் மேலே போனது.

"நீ சமத்துன்னு சொன்னேனா?"

பக்கத்தில்.

"அம்மா இப்ப வந்துருவான்னு சொன்னேனா?"

பக்கத்தில்.

"நீ... நீ பொறந்தன்னிக்கே போயிருந்தா எல்லாருக்கும் நிம்மதியா இருந்திருக்கும்னு சொன்னேனா?"

மூலையில் வளையல் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை. பட்டாணியின் கை எகிறி என் தோளில் அடித்தது. கால் விறைத்தது, தலை பின்னால் போனது, தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும், உடம்புதான் விடவில்லை. நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம். பிறகு அந்த இரண்டு கண்ணும் மெதுவாக மேலே போய் அங்கேயே நின்றன.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "நிஜமாவே சொன்னீங்களா?"

"சொன்னேன். கோபத்துல இல்ல. பாவமேன்னு சொன்னேன். அவளுக்குப் புரியாதுன்னு நினைச்சேன்."

தம்பி பெண்டாட்டி சுவரை விட்டுத் திரும்பியிருந்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் நேராக வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கையெழுத்துப் போடுங்க அண்ணி. எனக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்துல சீட்டு வேணும். மத்தது அப்புறம்."

டீச்சர் படிவத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனாவைக் கையில் எடுத்தேன். அப்போது அவருக்கு என்ன தோன்றியதோ, "ஒரு நிமிஷம்" என்று தடுத்தார். பட்டாணியிடம் குனிந்து, இந்தத் தடவை நேராகக் கேட்டார்.

"பாப்பா, உன் பதில் புரியும்னு அத்தை இதுல கையெழுத்துப் போடட்டுமா?"

கண் பக்கத்தில் போனது.

"போட வேண்டாமா?" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சீ, நானும் பாரு. மறுபடியும் கேக்கறேன். அத்தை போடட்டுமா?"

பக்கத்தில்.

"பட்டாணி, போடலன்னா சீட்டுக் கிடைக்காதுடா" என்றாள் அவள் அம்மா. பட்டாணியின் கண் அசையவில்லை. ஜன்னல் பக்கம்கூட அது போகவில்லை, என்னை விட்டு விலகி வெறும் சுவரில் நின்றது.

டீச்சர் பட்டாணிக்கு நேராக வந்து நின்றார். பிறகு கேட்டார்: "நான் போடட்டுமா?"

கண் மேலே போனது.

டீச்சர் கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். 'இந்தக் குழந்தையின் பதில் எனக்குப் புரிகிறது' என்று இருந்த இடத்துக்குக் கீழே தன் பேரை எழுதினார், தேதி போட்டார், நாளைக்கே அனுப்பலாம் என்றார். தம்பி பெண்டாட்டி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பழக்க தோஷத்தில் நான் நாற்காலியைத் தள்ளக் கைப்பிடியில் கை வைத்தேன். வைத்த பிறகுதான் தோன்றியது. சுற்றி முன்னால் வந்து கேட்டேன்.

"அத்தை தள்ளட்டுமா?"

அவள் இல்லை என்றாள். எந்த இல்லை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் அம்மா அழுது முடித்து எழுந்து வரும்வரை, கையைக் கட்டிக்கொண்டு சுவரோரமாக நின்றேன்.